கற்பிக்க வந்து கற்றவர்: டாக்டர் ஹெர்மன் குண்டர்ட்

பிறருக்குக் கற்பிக்கப் புறப்படுவோர் உலகில் பலர். கற்பிக்கச் சென்ற நாட்டிலே முதலில் தாம் மாணவராக அமர்ந்து, அந்நாட்டு மொழியைப் பணிவோடு பயின்று, அதன் பின்னரே ஆசிரியராக எழுந்து நின்றவர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒரு பெரியாரின் வாழ்க்கையை, மலையாள நாட்டின் எல்லையில் குடியமர்ந்து தமிழ் பேசி வாழும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். மலையாள மக்கள் அன்போடு போற்றும் டாக்டர் ஹெர்மன் குண்டர்ட் என்பாரே அப்பெரியார். அவர் மலையாளத்திற்கு இலக்கணமும் அகராதியும் இயற்றியவர் என்பது பலர் அறிந்த செய்தி. அவர் இந்நாட்டில் ஊன்றிப் பயின்ற முதல் மொழி தமிழ் என்பதோ நம்மவரிலும் பலர் அறியாத செய்தியாகும்.

வசதி மிக்க நாடுகளிலிருந்து இளைஞர்கள் வறிய நாடுகளுக்குத் தொண்டு ஆசிரியர்களாகச் செல்லும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியது. 1958இல் இங்கிலாந்தில் கடல்கடந்த தொண்டுக்கான அமைப்பு ஒன்று தோன்றியது. 1961இல் அமெரிக்காவில் கென்னடி அவர்கள் அமைதிப் படையை நிறுவினார். கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் பலர் எத்தியோப்பியா, நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று பாடம் சொல்லிக் கொடுத்தனர். இவையெல்லாம் தோன்றுவதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, இருபத்திரண்டு வயது இளைஞராகக் கப்பலேறி வந்தவர் குண்டர்ட். அந்நிய நாட்டில் ஆசிரியப் பணி எத்தகையது, அதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பனவற்றுக்கு அவர் வாழ்க்கை ஒரு பாடநூல் போன்றது.

இளமை

1814ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள், ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள ஸ்டுட்கார்ட் நகரில் குண்டர்ட் பிறந்தார். தந்தையார் லூட்விக் குண்டர்ட், தாயார் கிறிஸ்தியானே. இருவரும் ஆழ்ந்த சமயப் பற்று உடையவர்கள். மவுல்பிரான் என்னும் ஊரில், பழைய மடம் ஒன்றில் அமைந்திருந்த பள்ளியிலே சிறுவர் குண்டர்ட் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைப் பயின்றார். பின்னர் டூபிங்கன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1835இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்து டூபிங்கன் கருத்துப் போர்களின் களமாக விளங்கியது. வேதநூலையும் வரலாற்றுக் கண்கொண்டு ஆராய வேண்டும் என்று கூறிப் பெரும் புயலைக் கிளப்பிய டேவிட் ஸ்டிராஸ் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். சில காலம் ஐயத்தில் அலைந்த குண்டர்ட், பின்னர்ச் சமய நம்பிக்கையில் உறுதியாக நிலைபெற்றார். ஆயினும், மூலநூலைத் தேடிப் படித்தல், சான்றில்லாமல் ஒன்றையும் கொள்ளாமை ஆகிய இரண்டு பழக்கங்களும் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் மலையாளத்திற்கு அவர் ஆற்றிய தொண்டுக்கு இவையே அடித்தளமாயின.

கடற்பயணமும் தமிழும்

அந்நாளில் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஐரோப்பாவில் உதவியாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார். எக்ஸிடர் நகரில் பல் மருத்துவராக இருந்து, நல்ல வருவாய் தந்த அத்தொழிலைத் துறந்து, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் 1829இல் பாக்தாத் நகருக்குப் போனவர் அவர். அங்கே பரவிய கொள்ளைநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்து, 1833இல் இந்தியா வந்தார். மீண்டும் ஐரோப்பா சென்றிருந்த அவர், தம் புதல்வர்களுக்கு ஆசிரியராக வர ஒரு படித்த இளைஞரை நாடினார். பட்டம் பெற்ற கையோடு குண்டர்ட் அதற்கு இசைந்தார். சொந்த நாட்டிலேயே இருந்திருந்தால் சமயத் துறையிலோ கல்வித் துறையிலோ உயர்ந்த பதவி அவருக்குக் காத்திருந்தது. அதை விடுத்து, வேறொருவர் வீட்டுப் பிள்ளைகளின் வாத்தியாராகவே அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

1836 ஏப்ரலில் கப்பல் புறப்பட்டது. கடலில் கழிந்த மூன்று மாதங்களை அவர் வீணாக்கவில்லை. வங்காளி, இந்துஸ்தானி, தெலுங்கு ஆகியவற்றைப் பயிலலானார். ஜூலையில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய பின்னரோ, தம்மைச் சுற்றி ஒலித்த மொழி தமிழாக இருக்கக் கண்டார். உடனே தமிழ் ஏட்டைக் கையில் எடுத்தார். திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று தங்கியபோது, அங்கே பல்லாண்டுகள் பணியாற்றித் தமிழ் இலக்கணமும் எழுதிய ஜெர்மானியரான இரேனியுஸ் அவர்களின் தொடர்பு கிடைத்தது. குறுகிய காலத்திலேயே பொதுமக்கள் முன்னிலையில் தமிழில் பேசும் ஆற்றலை அவர் பெற்றார்.

அதன் பின் குரோவ்ஸ் குடும்பத்தோடு சித்தூரில் வாழ்ந்தார். சித்தூர் என்றவுடன் நம்மவர் பாலக்காட்டை அடுத்த சித்தூரை எண்ணிவிடக் கூடாது. இது வட ஆர்க்காட்டுச் சித்தூர். இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. 1838 ஜூலையில் அங்கே அவர் திருமணம் நடந்தது. மணமகள் ஜூலி துபுவா. பிரெஞ்சு மொழி பேசும் சுவிட்சர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த அவ்வம்மையாரும் குரோவ்ஸ் குழுவினருடன் தொண்டு செய்ய வந்தவரே. கணவரின் தாய்மொழி ஜெர்மன், மனைவியின் தாய்மொழி பிரெஞ்சு, இருவரும் பணிபுரிய வந்த இடத்தின் மொழியோ தமிழ்! மொழி வேற்றுமை ஓர் இல்லறத்திற்குத் தடையாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

தலச்சேரியில் மீண்டும் மாணவர்

1838ஆம் ஆண்டின் இறுதியில் இருவரும் மங்களூர் சென்று, பாசல் நகரத்துத் திருச்சபைச் சங்கமாகிய பாசல் மிஷனில் சேர்ந்தனர். மறு ஆண்டு தலச்சேரிக்கு அனுப்பப்பட்டனர். ஸ்டிரேஞ்ச் என்னும் ஆங்கிலேய நீதிபதி இல்லிக்குன்று என்ற இடத்தில் இருந்த தம் பங்களாவை மிஷனுக்கு வழங்கியிருந்தார். அவ்வீடே குண்டர்ட் தம்பதியரின் இல்லமாகவும் பள்ளியாகவும் அச்சகமாகவும் ஆயிற்று.

தமிழில் வல்லவராகிவிட்ட அவர் தமிழைக் கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். கேட்போர் ஓரளவு புரிந்துகொண்டிருப்பர். ஆங்கிலத்தைக் கொண்டு அதிகாரம் செலுத்தியும் இருக்கலாம். அவரோ மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். தலச்சேரிப் பகுதியில் வடமொழியும் மலையாளமும் கற்றுத் துறைபோகிய ஊராச்சேரிக் குருக்கள்மாரை அடைந்து பாடம் கேட்டார் என்பது அந்நாட்டார் இன்றும் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. அவர்கள் தீயர் குலத்தில் தோன்றிய அறிஞர்கள். சாதி வேற்றுமை கடுமையாகப் பாராட்டப்பட்ட அந்நாளில், டாக்டர் பட்டம் பெற்ற வெள்ளையர் ஒருவர் அவர்களைத் தம் குருமாராக ஏற்றது சிறிய காரியமன்று.

ஏடுகளோடு அவர் நின்றுவிடவும் இல்லை. உழவர், மீனவர், தச்சர், வணிகர், அந்தணர், மாப்பிள்ளைமார் என எல்லாரிடமும் பேசினார். ஒவ்வொருவர் வாயிலும் வழங்கிய சொல்லைக் கேட்டு, கேட்ட இடத்தையும் வகுப்பையும் குறித்துவைத்தார். பழமொழிகளையும் அவ்வாறே சேர்த்தார். அவற்றுள் ஓராயிரத்தைத் தொகுத்து 1850இல் அச்சிட்டார்.

இப்பணியில் தமிழ் அவருக்குக் கைவிளக்காக உதவிற்று. நம் வீட்டுக் குழந்தைகள் நாள்தோறும் அனுபவத்தில் காண்பதையே அவர் ஆராய்ச்சியில் கண்டார். நம் தலை அங்கே தல. நம் மலை அங்கே மல. நம் ஒன்று அங்கே ஒந்நு. வந்தான், வந்தாள், வந்தது என்று நாம் திணையும் பாலும் காட்டி முடிக்கும் வினைகள் மூன்றும் அங்கே வந்நு என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. தமிழறியாத ஒருவருக்கு இவை வெறும் மனப்பாடச் சொற்கள். தமிழறிந்தவருக்கோ இவை ஒரு குடும்பத்து உறவினரின் முகச்சாயல்கள். இச்சாயல்களைக் கண்டு மகிழ்ந்த குண்டர்ட், ஒன்று மற்றொன்றின் சிதைவு என்று இகழவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி இயல்பு உண்டென்று மதித்தார். 1851இல் அவருடைய மலையாள இலக்கணம் வெளிவந்தது. 1868இல் அது விரிவாக்கப்பெற்று நிறைவடைந்தது. பேச்சு வழக்கையும் பழைய நூல் வழக்கையும் ஒருங்கே ஆராய்ந்து, மலையாளத்தின் தன்மைக்கேற்ப அம்மொழியிலேயே எழுதப்பெற்ற இலக்கணம் அது.

பள்ளியும் பத்திரிகையும்

தலச்சேரியிலும் சுற்றுப்புறங்களிலும் பள்ளிகள் எழுந்தன. ஜூலி அம்மையார் இல்லிக்குன்றில் பெண் குழந்தைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளியை நடத்தினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. வரலாற்று நூல்களில் கணவரின் பெயர் பெரிய எழுத்திலும் மனைவியின் பெயர் சிறிய எழுத்திலும் காணப்படுகிறது. அப்பள்ளியில் எழுதப் படிக்கக் கற்ற சிறுமியரைக் கேட்டால் எழுத்தின் அளவு மாறியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

பள்ளிக்கு நூல் வேண்டும். நூலுக்கு அச்சு வேண்டும். ஆகவே இல்லிக்குன்றில் கல்லச்சு அமைக்கப்பட்டது. அதிலிருந்து 1847 ஜூனில் இராஜ்யசமாசாரம் என்ற இதழ் வெளிவந்தது. மலையாளத்தின் முதற்பத்திரிகை என்று அதனையே குறிப்பிடுவர். பெரும்பாலும் சமயச் செய்தி தாங்கிய இதழ் அது. அதே ஆண்டு அக்டோபரில் பச்சிமோதயம் என்ற மற்றோர் இதழும் தோன்றியது. நில இயல், வான இயல், வரலாறு முதலிய உலகியற் கல்வியை அது எளிய மலையாளத்தில் எடுத்துரைத்தது. பூமியைப் பற்றியும் கோள்களைப் பற்றியும் தன் தாய்மொழியிலேயே படிக்கும் வாய்ப்பு மலபார்ச் சிறுவனுக்கு அன்று கிடைத்தது.

1854இல் இந்தியக் கல்வி பற்றிய புகழ்பெற்ற அரசாங்க அறிக்கை இலண்டனிலிருந்து வந்தது. அதன் விளைவாக ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வித் துறை அமைந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே ஆண்டில், மலபார், கன்னட மாவட்டங்களுக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகக் குண்டர்ட் நியமிக்கப்பட்டார். அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956இல் கேரளம் உருவாகும்வரை அந்நிலையே நீடித்தது. ஆகவே பாலக்காட்டுப் பகுதியின் அரசாங்கக் கல்விக்கும் அவர் பொறுப்பாளராக இருந்தார் என்று நாம் உரிமையோடு சொல்லலாம். 1858இல் பாசல் மிஷன் பாலக்காட்டிலும் தன் பணியைத் தொடங்கியது. அதன் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் நகரில் நடைபெற்று வருகிறது.

உயர்வகுப்பு மாணவர்க்கு நல்ல மலையாள வாசகநூல் இல்லாத குறையை உணர்ந்த அவர், செய்யுளும் உரைநடையும் கலந்த பாடமாலை என்னும் தொகுப்பைச் செய்தார். 1860இல் அது வெளிவந்தது. ஆங்கிலக் கல்விக்கே மதிப்பு ஏறிக்கொண்டிருந்த காலத்தில், அரசாங்கத்தின் இன்ஸ்பெக்டர் ஒருவர் நாட்டு மொழிப் பாடநூலுக்காக உழைத்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

கொடுத்த விலை

இத்தொண்டுக்கு அக்குடும்பம் கொடுத்த விலை பெரிது. 1842இல் தலச்சேரியில் பிறந்த அவர் மகள் மேரி, நான்கு வயதளவில் ஐரோப்பாவில் விடப்பட்டாள். பெற்றோர் மீண்டும் மலபாருக்குக் கப்பலேறினர். வெயிலும் காய்ச்சலும் மிகுந்த நாட்டில் குழந்தைகள் பிழைப்பது அரிது என்பதும், அவர்களுக்கு அந்நாட்டுக் கல்வி வேண்டும் என்பதும் அக்காலத்து மிஷனரிமாரின் வழக்கமான காரணங்கள். மேரி மீண்டும் இந்தியா வந்து பெற்றோரைக் கண்டது 1857இல். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த தாயும் தந்தையும் தம் மகள் எழுத்தறிந்த நாளைக் காணவில்லை. பிழைப்பின் பொருட்டுப் பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இவ்வேதனையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

உடல்நலம் குன்றியதால் 1859இல் குண்டர்ட் இந்தியாவை விட்டு நீங்கினார். மீண்டும் அவர் இங்கு வரவில்லை. ஜெர்மனியில் கால்வ் என்னும் சிற்றூரில் நூல் வெளியீட்டு நிலையமொன்றை நடத்திக்கொண்டே, மலபாரிலிருந்து கொண்டுசென்ற குறிப்புகளை ஒழுங்குபடுத்தினார். நாடு திரும்பிய பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1872இல், மலையாள–ஆங்கில அகராதி மங்களூரில் அச்சாகி வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலில், சொல்லின் பொருளோடு அச்சொல் எங்கே ஆளப்பட்டுள்ளது என்பதையும், தமிழ், துளு, கன்னடம், தெலுங்கு ஆகிய இனமொழிகளில் அதற்கு நேரான வடிவத்தையும் காட்டிச் சென்றார். அதனைப் புரட்டும் தமிழர் தம் வீட்டுச் சொற்களைப் பக்கந்தோறும் சந்திக்கலாம். 1869இல் ஜெர்மானிய ஆராய்ச்சி இதழ் ஒன்றில், வடமொழியில் கலந்துள்ள திராவிடச் சொற்களைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார். கொடுத்தது வடமொழி, பெற்றவை தென்மொழிகள் என்றே பலரும் கருதிய காலத்தில், தென்மொழிகளும் கொடுத்துள்ளன என்று அவர் எடுத்துக்காட்டினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கண்ட கால்டுவெல் ஐயர் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் குண்டர்ட்டின் ஆராய்ச்சிகளைப் பயன்படுத்திக்கொண்டார்.

1893 ஏப்ரல் 25ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில், கால்வ் நகரிலேயே குண்டர்ட் காலமானார். மேரியின் மகனாக 1877இல் அதே ஊரில் பிறந்தவர்தாம், 1946இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. இந்திய மொழிகள் பல அறிந்த பாட்டனாரின் புத்தக அறையில் விளையாடிய அச்சிறுவன், பின்னாளில் சித்தார்த்தன் என்னும் நாவலை எழுதி உலகெங்கும் புகழ் பெற்றான்.

குண்டர்ட் சேர்த்துச்சென்ற ஏடுகள் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் உறங்கின. 1986இல் மலையாளப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியா அவர்கள் அங்கே சென்று ஆராய்ந்தபோது, தலச்சேரி ஆவணங்கள் முதலிய அரிய கையெழுத்துப் பிரதிகள் வெளிச்சத்திற்கு வந்தன. கேரளத்தில் மறைந்துபோன பழம்பாடலாகிய பய்யன்னூர்ப் பாட்டின் ஏடும் அத்தொகுப்பில் இருந்தது. 2015இல் அப்பல்கலைக்கழகத்தில் மலையாளத்திற்கென அவர் பெயரால் ஓர் இருக்கை நிறுவப்பட்டது. தலச்சேரியில் அவர் சிலை நிற்கிறது.

நமக்குரிய பாடம்

குண்டர்ட் கிறித்துவ சமயத்தைப் பரப்பவே வந்தார். இதை மறைக்க வேண்டுவதில்லை, அவரும் மறைக்கவில்லை. அந்நிய ஆட்சியின் நிழலில் வாழ்ந்தார். அதன் உத்தியோகமும் ஏற்றார். அவர் சமயக் கொள்கையோடு உடன்படாதோர் மலையாள நாட்டில் மிகப் பலர். எனினும் அவர்களும் அவரைத் தம்மவராகவே கொண்டாடுகின்றனர். மற்றொருவர் மொழியை மதித்துப் பயின்றவரை அம்மொழியினர் ஒருநாளும் அந்நியராக எண்ணுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும், கம்பத்திலிருந்து மலையேறியும் வந்த நம் முன்னோர், பாலக்காட்டுச் சமவெளியிலும், மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் குடியேறினர். நம் பிள்ளைகளுக்கு இரண்டு மொழிகள் வாய்த்துள்ளன. 2017இல் கேரள அரசு பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் இயற்றியபோது, தமிழ் என்னாகுமோ என்ற கவலை பல பெற்றோருக்கு எழுந்தது. அக்கவலை நியாயமானதே. தமிழ்ப் பள்ளிகளுக்காகவும் தமிழாசிரியர்களுக்காகவும் நாம் குரல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் மலையாளத்தை வெறுப்பதால் தமிழ் வளர்ந்துவிடாது. தமிழை நன்றாகக் கற்றதனாலேயே குண்டர்ட் மலையாளத்தை நன்றாகக் கற்றார். மலையாளத்தைக் கற்றதனால் அவருடைய தமிழ் குறைந்துபோகவில்லை. வீட்டில் தமிழைச் செம்மையாக எழுதப் படிக்கக் கற்ற குழந்தைக்கு மலையாளம் பாரமாகாது. வீட்டுத் தமிழையும் இழந்த குழந்தையோ இரண்டுக்கும் இடையில் நின்று தவிக்கும்.

தொண்டு ஆசிரியராகப் பணியாற்றக் கடல் கடந்துதான் செல்ல வேண்டும் என்பதில்லை. தோட்டத் தொழிலாளரின் லயங்களில், பள்ளி விட்டு வந்த பின் பாடம் சொல்லித் தர ஆளின்றி இருக்கும் குழந்தைகள் நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே இருக்கிறார்கள். பட்டம் பெற்ற நம் இளைஞரும் மங்கையரும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை அவர்களுக்கு அளிக்கலாம். தமிழ் எழுத்தையும் மலையாள எழுத்தையும் அருகருகே எழுதிக் காட்டலாம். அவ்வாறு செல்வோர், பாடம் தொடங்குமுன், அக்குழந்தைகள் தம் வீட்டில் பேசும் சொற்களை முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இல்லிக்குன்றில் இருந்த ஆசிரியர் அப்படித்தான் தொடங்கினார்.

அப்பெரியாரின் நினைவு வாழ்க! தமிழும் மலையாளமும் உடன்பிறந்தாராய் ஓங்கி வளர்க!